வானில் பறக்கும் நானோ: வாக்குறுதியும் வந்து சேர்ந்ததும்

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, அமெரிக்காவின் கிட்டி ஹாக் கடற்கரையில் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பி 12 விநாடிகள் பறந்தது. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஆனால், அந்த விமானத்தின் இயந்திரத்துக்குள் நானோ அளவுத் துகள்கள் இருந்தன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ரைட் சகோதரர்களுக்கே தெரியாது!

அவர்களுக்கு வேண்டியிருந்தது எடை குறைந்த இயந்திரம். அன்று கிடைத்த மோட்டார் வண்டி இயந்திரங்கள் எல்லாம் கனமானவை. எனவே, அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் ஆறே வாரங்களில் புதிதாக ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் உடற்பகுதியை இரும்பில் வார்க்காமல், 8 விழுக்காடு செம்பு கலந்த அலுமினியத்தில் வார்த்தார்கள்.

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு ஃபிராங்க் கேல், மார்தா குட்வே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த உலோகத்தை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது 1994இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளிவந்தது. அலுமினியத்துக்குள் செம்பு அணுக்கள் ஆங்காங்கே திரண்டு 10 முதல் 22 நானோமீட்டர் அளவுள்ள குட்டித் திட்டுகளாக நின்றன. அவை உலோகத்தை வார்த்தபோதே உண்டானவை. அவற்றைவிடச் சிறிய, 3 நானோமீட்டர் திட்டுகளும் இருந்தன. அவை இடைப்பட்ட 90 ஆண்டுகளில் அறை வெப்பநிலையிலேயே தாமாக விளைந்தவை.

ஒரு மில்லிமீட்டரை ஒரு மில்லியன் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். அப்படியானால் 10 நானோமீட்டர் திட்டு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நிறையவே செய்யும். தூய அலுமினியம் மிக மென்மையானது. அதை வளைக்கும்போது உள்ளே இருக்கும் அணு அடுக்குகள் சீட்டுக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். இடையில் செம்புத் திட்டுகள் முட்டுக்கட்டையாக நின்றால் அந்த வழுக்கல் தடைபடும். உலோகம் கெட்டிப்படும். ஆனால் எடை கூடாது.

இந்த வித்தையை 1906இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் தற்செயலாகக் கண்டுபிடித்தார். சூடாக்கிக் குளிர்வித்த அலுமினியக் கலவை சில நாள் சும்மா கிடந்த பிறகு முன்னைவிடக் கடினமாகியிருந்ததைக் கண்டு வியந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் செப்பெலின் ஆகாயக் கப்பல்களைத் தாங்கிய டியூராலுமின். இன்றைய அலுமினிய விமானங்களின் உடலும் இதே தத்துவத்தில்தான் வலுப்பெற்றிருக்கிறது.

ஆக, விமானத்துக்கு நானோ புது விருந்தாளி அல்ல. பெயர்தான் புதிது. 'நானோ தொழில்நுட்பம்' என்ற சொல்லை 1974இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தானிகுச்சி முதலில் பயன்படுத்தினார். முன்பு தெரியாமல் நடந்ததை இப்போது தெரிந்தே செய்கிறார்கள். தெரிந்து செய்யத் தொடங்கியதும் வாக்குறுதிகளும் பெரிதாகின.

வானுக்கு ஒரு மின்தூக்கி

1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா கார்பன் நானோ குழாய்களைப் பற்றி எழுதிய கட்டுரை ஆராய்ச்சி உலகையே புரட்டிப்போட்டது. கார்பன் அணுக்கள் கோழிக்கூட்டுக் கம்பிவலைபோல அறுகோணமாகக் கைகோத்து, பாயைச் சுருட்டியதுபோலக் குழாயாகச் சுருண்டு நிற்கும். விட்டம் சில நானோமீட்டர். இழுத்தால் எஃகைவிடப் பல மடங்கு தாங்கும். எடையோ எஃகில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்சாரத்தையும் வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும்.

இவ்வளவு வலிமை என்றதும் விண்வெளி மின்தூக்கி என்ற பழைய கனவு தூசி தட்டப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றும் ஒரு நிலையம். அங்கிருந்து பூமி வரை தொங்கும் ஒரு நாடா. அதைப் பற்றிக்கொண்டு ஏறும் பெட்டி. ராக்கெட்டே வேண்டாம்! ரஷ்யாவின் யூரி அர்ட்சுதானோவ் 1960இலேயே இதை எழுதினார். இலங்கையில் வாழ்ந்து 2008இல் அங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் இதை நாவலாக்கினார். அந்த நாவலுக்காக இலங்கையைக் கற்பனையில் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் கொண்டுபோய் வைத்தார். சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்திருந்தால் இவ்வளவு தூரம் நகர்த்த வேண்டியிருந்திருக்காது!

2000க்குப் பிறகு இது கதை என்ற நிலையைத் தாண்டியது. நாசாவின் ஆதரவில் பிராட்லி எட்வர்ட்ஸ், நானோ குழாய்களால் நெய்த 100,000 கிலோமீட்டர் நாடாவுக்குத் திட்டம் வரைந்தார். 2005 முதல் வலிமையான நாடாவுக்குப் பரிசுப் போட்டியும் நடந்தது. நாடாவுக்கான அந்தப் பரிசை ஒருவரும் வெல்லவில்லை. 2012இல் ஜப்பானின் ஒபாயாஷி கட்டுமான நிறுவனம் 2050க்குள் மின்தூக்கி கட்டலாம் என்று அறிவித்தது. தரையில் இன்னும் ஒரு முழம் நாடாகூடத் தேறவில்லை.

ஏன்? தென்னை நார்க் கயிற்றை நினைத்துப் பார்த்தால் விளங்கும். ஒவ்வொரு நாரும் குட்டையானது. முறுக்கும்போது நாரும் நாரும் உரசிப் பிடித்துக்கொள்வதால்தான் நீளமான கயிறு கிடைக்கிறது. நானோ குழாயின் மேற்பரப்போ வழுவழுப்பானது. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் விசை மிகப் பலவீனம். இழுத்தால் குழாய் அறுவதற்கு முன்பே ஒன்றிலிருந்து ஒன்று நழுவிவிடும். தனிக் குழாயில் அளந்த வலிமையில் சிறு பங்குதான் நூலாகத் திரித்த பிறகு எஞ்சுகிறது. விளம்பரங்களில் வருவது எப்போதும் தனிக் குழாயின் கணக்கு. விமானம் கட்டுகிறவருக்கு வேண்டியதோ கயிற்றின் கணக்கு.

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நாசா ஒரு சிறிய ராக்கெட்டில் நானோ குழாய் நூல் சுற்றிய வாயுத் தொட்டி ஒன்றை ஏற்றிச் சோதித்தது. பாரம் தாங்கும் பாகமாக நானோ குழாய்க் கலவை பறந்த முதல் முயற்சி என்று அதைச் சொன்னார்கள். 36,000 கிலோமீட்டர் கனவுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி அற்பமாகத் தெரியலாம். ஆனால் அது உண்மையிலேயே பறந்தது.

சின்னக் கதவு வழியாக

நானோ பொருள்கள் விண்வெளிக்குப் போகாமல் இல்லை. தூணாகவோ உத்தரமாகவோ போகவில்லை. பூச்சாக, போர்வையாக, நிரப்புப் பொருளாகப் போயின. அங்கேதான் அவை சாதித்தும் காட்டின.

ஜூனோ விண்கலத்தை எடுத்துக்கொள்வோம். 2011 ஆகஸ்டில் கிளம்பி 2016 ஜூலையில் வியாழனைச் சென்றடைந்த கலம் அது. வியாழனைச் சுற்றிலும் வேகமாகப் பாயும் எலக்ட்ரான்களின் கூட்டம் இருக்கிறது. மின்கருவிகளைக் காப்பாற்ற ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள, சுமார் 200 கிலோகிராம் எடையுள்ள டைட்டானியப் பெட்டகத்தையே கட்டி அனுப்பினார்கள். ஆனால் பெட்டகத்துக்கு வெளியே இருக்கும் பாகங்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. மின்சாரத்தைக் கடத்தாத பரப்பில் எலக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் பட்டென்று தீப்பொறி பறக்கும். பக்கத்தில் இருக்கும் மின்சுற்று பழுதாகும். பழுது பார்க்க ஆள் அனுப்ப முடியாத தூரம்! எனவே, முக்கிய இயந்திர உறையின்மீதும், கலத்தைத் திருப்பும் உந்திகளின் தாங்கிகள்மீதும் கார்பன் நானோ குழாய்த் தாளைப் பதித்தார்கள். அது சேரும் மின்னூட்டத்தைச் சத்தமில்லாமல் பரப்பிவிடும். உலோகத் தகட்டைவிட லேசு. இங்கே குழாய் பாரம் தாங்க வேண்டியதில்லை. மின்சாரத்தைக் கடத்தினால் போதும். நழுவுகிற பிரச்சினையே எழவில்லை.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. 2015 டிசம்பர் 16ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட் ஆறு சிங்கப்பூர்த் துணைக்கோள்களை ஏற்றிச் சென்றது. அவற்றில் ஒன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் 78 கிலோகிராம் எடையுள்ள கென்ட் ரிட்ஜ்-1. ஒரு துணைக்கோள் தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை விண்மீன்களைப் படம் பிடித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அந்தக் கேமராவுக்குள் சூரிய ஒளி சற்றே சிதறி விழுந்தாலும் மங்கலான விண்மீன் மறைந்துபோகும். அதைத் தடுக்க, கேமராவின் மறைப்புக் குழாய்க்குள் வான்டாபிளாக் என்ற பூச்சு பூசப்பட்டது.

பிரிட்டனின் சரே நானோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2014இல் அறிவித்த இந்தக் கறுப்பு சாயமல்ல, காடு! நானோ குழாய்கள் மூங்கில் தோப்புபோல நெருக்கமாக நிமிர்ந்து நிற்கின்றன. உள்ளே நுழைந்த ஒளி குழாய்க்குக் குழாய் மோதி மோதி, வெளியேற வழியின்றி வெப்பமாக மாறிவிடுகிறது. விழும் ஒளியில் 99.965 விழுக்காட்டை விழுங்குவதாகக் கணக்கிட்டார்கள். இந்தக் கறுப்பை ஓவிய, சிற்பக் கலைக்குப் பயன்படுத்தும் உரிமையை மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர் ஒருவரே பெற்றுக்கொண்டார் என்று 2016இல் கலைஞர்களிடையே பெரிய சண்டை மூண்டது. துணைக்கோளோ சண்டையைப் பற்றிக் கவலைப்படாமல் பூமியைச் சுற்றியது.

ஏரோஜெல் இதைவிட வயதானது. 1931இல் அமெரிக்காவின் சாமுவேல் கிஸ்ட்லர் செய்து காட்டிய பொருள். மணலில் இருக்கும் அதே சிலிக்காதான். ஆனால் நானோ அளவுத் துளைகள் நிறைந்த பஞ்சுபோல இருக்கும். விண்வெளிக்குப் போன வகையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் வெறும் வெற்றிடம். துளைகள் அத்தனை சிறிதாக இருப்பதால் காற்று மூலக்கூறுகள் வெப்பத்தைச் சுமந்துகொண்டு அவற்றைத் தாண்டிப் போக முடிவதில்லை. 1997இல் செவ்வாயில் உருண்ட சோஜர்னர் ஊர்தியின் மின்கருவிகளைக் குளிரிலிருந்து காத்தது இதுதான். 2004இல் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளுக்கும் இதே போர்வை.

ஏரோஜெல்லின் மிகப் பெரிய வேலை ஸ்டார்டஸ்ட் பயணம். 2004 ஜனவரி 2ஆம் தேதி வைல்ட்-2 என்ற வால்மீனின் அருகே சென்ற அந்தக் கலம், ஏரோஜெல் பதித்த ஒரு தட்டை நீட்டித் தூசியைப் பிடித்தது. தூசி வந்து மோதிய வேகம் விநாடிக்கு 6 கிலோமீட்டருக்கும் அதிகம். அந்த வேகத்தில் கெட்டியான பொருளில் மோதினால் தூசி ஆவியாகிவிடும். ஏரோஜெல்லுக்குள்ளோ, வைக்கோற்போருக்குள் பாய்ந்த கல்போல அது படிப்படியாக வேகம் குறைந்து நின்றது. 2006 ஜனவரியில் அந்தத் தட்டு பூமிக்குத் திரும்பியது. அதில் கிளைசின் இருந்ததை 2009இல் நாசா அறிவித்தது. கிளைசின் நம் உடலின் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. உயிருக்கு வேண்டிய பொருள் வால்மீனிலும் உண்டு என்று காட்டியது, 75 ஆண்டுப் பழமையான ஒரு நானோ பஞ்சு.

தங்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் 25ஆம் தேதி ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் அகலக் கண்ணாடி முழுவதும் தங்க முலாம். தடிமன் சுமார் 100 நானோமீட்டர். மொத்தத் தங்கமும் 48 கிராம் சொச்சம், அதாவது ஆறு பவுன்! ஒரு நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணச் சங்கிலிகளில் இருக்கும் தங்கம் பிரபஞ்சத்தின் பழைய ஒளியைத் திரட்டிக்கொண்டிருக்கிறது. டென்னிஸ் திடல் அளவுள்ள அதன் ஐந்து அடுக்கு வெயில் மறைப்பில் 100 நானோமீட்டர் அலுமினியப் பூச்சும், வெயில் படும் இரண்டு அடுக்குகளில் 50 நானோமீட்டர் சிலிக்கான் பூச்சும் உண்டு. வெறும் மெல்லிய பூச்சை நானோ தொழில்நுட்பத்தில் சேர்க்கலாமா என்று கறார் பேர்வழிகள் கேட்பார்கள். சேர்ப்பதில் தவறில்லை. இதைவிடத் தடித்த சமாச்சாரங்களுக்கெல்லாம் அந்தப் பெயர் சூட்டப்படுகிறது. விமானத்தின் மேல் ஒட்டும் சுறாத்தோல் படலத்தையும் சிலர் நானோ என்கிறார்கள். அதன் வரிகள் சுமார் 50 மைக்ரோமீட்டர். நானோ கணக்கில் அவை மலைத்தொடர்!

பயணிகள் விமானம் ஏன் தயங்குகிறது?

விண்கலத்தில் ஏறிய பொருள் பயணிகள் விமானத்தில் ஏறத் திணறுவது வேடிக்கையாகத் தோன்றலாம். காரணம் எளிது. விண்கலம் ஒன்றே ஒன்று. அதில் பயணிகள் இல்லை. விமானமோ இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நாள்தோறும் ஏறி இறங்க வேண்டும். அதில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

தேவை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. போயிங் 787இன் எடையில் ஏறத்தாழ பாதி, கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருள். ஏர்பஸ் ஏ350இல் 53 விழுக்காடு. கார்பன் இழை நானோ அல்ல. அது ஆயிரக்கணக்கான நானோமீட்டர் தடிமனானது. இந்தக் கலவை குவே லாப்பிஸ் பலகாரம்போல அடுக்கடுக்காக உருவாகிறது. அதன் பலவீனமும் அதே இடத்தில்தான். அடுக்குக்குள் வலிமை அபாரம். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே வெறும் பிசின். கருவி ஒன்று கைதவறி இறக்கைமேல் விழுந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரியக்கூடும்.

பிசினில் நானோ குழாய்களைக் கலந்தால் என்ன? கலந்து பார்த்தார்கள். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் மொத்தமாகக் கொட்டியவர்களுக்கு அடுத்து நடந்தது தெரியும். கட்டி தட்டியது. பிசினும் குழம்பாகித் தடித்தது. கட்டி தட்டிய இடமே விரிசல் தொடங்கும் இடமானது. அமெரிக்காவின் எம்ஐடியில் பிரையன் வார்டல் குழுவினர் வேறு வழி கண்டார்கள். பிசினில் கலக்காமல், நிமிர்ந்து நிற்கும் நானோ குழாய்க் காட்டை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைத்தார்கள். குழாய்கள் இரு பக்கமும் குத்தி இறங்கித் தையல்போலப் பிணைத்தன. விரிசலைத் தாங்கும் திறன் சுமார் 60 விழுக்காடு வரை கூடியதாக 2024இல் அறிவித்தார்கள். ஆய்வுக்கூடத் துண்டில் கிடைத்த எண் அது. முழு இறக்கையில், அதுவும் இருபது ஆண்டுக்கு அது தாங்குமா என்பது இனிமேல் நிரூபிக்க வேண்டியது.

மின்னல் இன்னொரு பிரச்சினை. பயணிகள் விமானம் ஒவ்வொன்றையும் சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறை மின்னல் தாக்குகிறது என்பது விமானத் துறையின் பொதுக் கணக்கு. 1963இல் அமெரிக்காவின் மேரிலந்தில் மின்னல் தாக்கி எரிபொருள் தொட்டி வெடித்ததில் பான் அம் விமானத்தில் இருந்த 81 பேரும் மாண்டார்கள். பாதுகாப்பு விதிகள் அதன்பிறகு இறுகின. அலுமினிய உடல் மின்சாரத்தைத் தன்மேல் ஓடவிட்டு வெளியேற்றிவிடும். கலவைப் பொருள் அவ்வளவு நன்றாகக் கடத்தாது. ஆகவே அதன் மேற்பரப்பில் உலோக வலையைப் பதிக்கிறார்கள். மிச்சப்படுத்திய எடையில் ஒரு பகுதி அங்கே திரும்பி வந்துவிடுகிறது. அந்த வலைக்குப் பதிலாக நானோ குழாய்த் தாளோ கிராஃபீனோ பதிக்க ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஜூனோவில் சிறு பொறியைத் தடுத்தது வேறு. ஒரு முழு மின்னலைத் தாங்குவது வேறு. வலை இன்னும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

பனியைப் பற்றி நம் வட்டாரத்து வாசகர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். 1982 ஜனவரியில் வாஷிங்டனில் பனி படிந்த இறக்கையோடு கிளம்பிய விமானம் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்து 78 பேர் இறந்தார்கள். 2016இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கிராஃபீன் நாடாக்கள் கலந்த மெல்லிய பூச்சில் மின்சாரம் செலுத்தி, ஹெலிகாப்டர் இறக்கைத் துண்டில் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் உறைந்திருந்த பனியை உருக்கிக் காட்டினார்கள். பயணிகள் விமானத்துக்கு அது வரவில்லை.

2011இல் ஈஸிஜெட் நிறுவனம் எட்டு விமானங்களில் நானோ பூச்சு பூசி, எரிபொருளில் 1 முதல் 2 விழுக்காடு மிச்சமாகும் என்று நம்பிச் சோதித்தது. செய்தித்தாள்கள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன. அதன்பின் உலக விமானங்கள் எல்லாம் அந்தப் பூச்சோடு பறக்கத் தொடங்கிவிடவில்லை.

தூசியைச் சுவாசிப்பவர்கள்

பயணியின் பாதுகாப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பாகத்தைச் செய்கிறவரைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. மலேசியர்களுக்கு இது அக்கம்பக்கத்து விஷயம். மலாக்கா பத்து பெரெண்டாமில் ஏர்பஸ் விமானங்களுக்கும், கெடா புக்கிட் காயு ஹித்தாமில் போயிங் விமானங்களுக்கும் கலவைப் பாகங்கள் உருவாகின்றன. சுபாங்கிலும் சிங்கப்பூரின் சிலேத்தாரிலும் விமானப் பாகங்களைப் பழுதுபார்க்கிறார்கள். அறுப்பதும் துளையிடுவதும் தேய்ப்பதும் இந்த வேலையின் அன்றாடம். தூசி பறக்கத்தான் செய்யும். நாளை அந்தப் பிசினுக்குள் நானோ குழாய் வந்தால் தூசியிலும் அது வரும்.

2008இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஆய்வாளர்கள் எலிகளின் வயிற்று உறைக்குள் நானோ குழாய்களைச் செலுத்திப் பார்த்தார்கள். நீண்ட, நேரான குழாய்கள் கல்நார் இழையைப் போன்ற அழற்சியை உண்டாக்கின. குட்டையானவையும் சுருண்டு சிக்கியவையும் அப்படிச் செய்யவில்லை. உடலின் காவல் செல்கள் அந்நியப் பொருளை விழுங்கி அப்புறப்படுத்தும். தன்னைவிட நீளமான ஊசியை அந்தச் செல்லால் விழுங்கி முடிக்க முடிவதில்லை. கல்நார் செய்வதும் இதைத்தான். கல்நாரால் வரும் புற்றுநோய் வெளியே தெரிய முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆவதும் உண்டு. 2014இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒரு குறிப்பிட்ட வகைப் பலசுவர் நானோ குழாயை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளுக்குப் போதிய சான்று இல்லை என்றது.

இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. பிசினில் பதிந்த குழாய், தேய்க்கும்போது பெரும்பாலும் பிசினோடு ஒட்டிய துகளாகவே வெளிவருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தனிக் குழாயைப் பொடியாகக் கையாளும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். ஆனால், தெரியாது என்று சும்மா இருக்கவும் முடியாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013இல் ஓர் எல்லையைப் பரிந்துரைத்தது. எட்டு மணி நேர வேலையில், ஒரு கனமீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. சாதாரணத் தூசிமானி இதைப் பிரித்துக் காட்டாது. காற்றை வடிதாளில் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதிலுள்ள கார்பனை அளக்க வேண்டும். இந்தப் பொருள் தொழிற்கூடத்துக்குள் வரும் நாளில், அந்த அளவை யார் எடுக்கிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள், முடிவை வேலையாட்களுக்குக் காட்டுகிறார்களா என்பதை அங்கே வேலை செய்கிறவர்கள் முதலாளியிடம் கேட்டு வாங்க வேண்டும்.